மலையில் நடந்த ஒரு கொலை வழக்கைப் புத்தகமாக எழுத நினைக்கும் நிருபருக்கு

ஊட்டி, குன்னூர், கூடலூர், கொடைக்கானல் என்று ஏதோ ஒரு மலையூரில் செய்தி சேகரிக்கிறீர்கள். உங்கள் பகுதியில் நடந்த ஒரு கொலையைப் பற்றி எட்டு வரி, பத்து வரி என்று எழுதியும் விட்டீர்கள்: உடல் கிடைத்த அன்று ஒன்று, ஆள் பிடிபட்ட அன்று ஒன்று, பல வருடம் கழித்துத் தீர்ப்பு வந்த அன்று ஒன்று. ஆனாலும் அந்த வழக்கு மனதை விட்டுப் போகவில்லை, எழுதாமல் விட்டது நிறைய இருக்கிறது என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. அப்படியென்றால் தாராளமாகப் புத்தகம் எழுதலாம். எப்படி என்று எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். நீலகிரியையும் பழனி மலையையும் மனதில் வைத்துத்தான் சொல்கிறேன், ஏனென்றால் பெரிய நகரத்தில் உட்கார்ந்து குற்றப் புத்தகம் எழுதுவதற்கும், புத்தகத்தில் வருகிறவர்களின் அண்ணனும் அத்தையும் மார்க்கெட்டில் எதிரே வரும் ஊரில் இருந்துகொண்டு எழுதுவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

நாம் எழுதிய அந்த எட்டு வரி எங்கிருந்து வந்தது என்று முதலில் யோசியுங்கள். இன்ஸ்பெக்டர் போனில் சொன்னது, பத்திரிகைக் குறிப்பில் இருந்தது, வாட்ஸ்அப் குழுவில் வந்தது. தினசரிக்குக் கிடைக்கிற நேரம் அவ்வளவுதான். புத்தகத்துக்கு அது போதாது. புத்தகத்தின் எந்த வரியைக் காட்டி 'இது உனக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்டாலும் உங்களிடம் பதில் இருக்க வேண்டும். கேட்பது இறந்துபோனவரின் அம்மாவாக இருக்கலாம், தண்டனை முடிந்து வெளியே வந்தவராகவும் இருக்கலாம். இந்த ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள், மற்ற எல்லாவற்றையும் இதை வைத்தே முடிவு செய்துகொள்ளலாம்.

எந்த வழக்கை எடுப்பது

முடிந்த வழக்கை எடுங்கள். கொலை வழக்கை விசாரிக்கும் செஷன்ஸ் கோர்ட்டின் தீர்ப்பு வந்துவிட்டது என்பதால் மட்டும் வழக்கு முடிந்துவிடாது. உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 60 நாள், அதற்குப் பிறகு உச்ச நீதிமன்றம் போக 90 நாள் அவகாசம் இருக்கிறது, தாமதத்தை மன்னிக்கக் கேட்டு அதற்குப் பிறகும் மனு வரும். விசாரணை நடந்துகொண்டிருக்கும்போது இவர்தான் கொன்றார் என்று எழுதினால் 1971ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். அதைவிடப் பெரிய ஆபத்து சாட்சிகளுக்கு. இன்னும் கூண்டில் ஏறாத ஒருவரின் பேச்சை நீங்கள் அச்சில் போட்டுவிட்டால், அதை வைத்தே அவரைக் குறுக்கு விசாரணையில் உடைத்துவிடுவார்கள். கொடநாடு எஸ்டேட்டில் 2017 ஏப்ரலில் காவலாளி கொல்லப்பட்ட கொள்ளை வழக்கைப் பற்றி ஒரு தடவையாவது எழுதாத நிருபர் நீலகிரியில் இருக்க மாட்டார். அது வருடக்கணக்கில் நீண்டு, மேல் விசாரணை மாநிலக் குற்றப் புலனாய்வுப் பிரிவான சி.பி.சி.ஐ.டி. கைக்குப் போனது. அந்த மாதிரி வழக்கு எவ்வளவு இழுத்தாலும் முதல் புத்தகத்துக்கு வேண்டாம் என்பதே என் கருத்து.

விடுதலையில் முடிந்த வழக்குகளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பாருங்கள். ஏன் விடுதலை ஆனது என்று தீர்ப்பில் நீதிபதி விரிவாக எழுதியிருப்பார்: புகார் ஏன் தாமதமானது, எந்தச் சாட்சி பிறழ்ந்தார், எந்தக் காகிதத்தில் தேதி திருத்தப்பட்டிருந்தது என்று எல்லாம் அதில் இருக்கும். ஒரு ஊரின் காவல் நிலையமும் மருத்துவமனையும் எப்படி வேலை செய்கின்றன என்று அதைவிடத் தெளிவாக வேறெங்கும் படிக்க முடியாது. ஆனால் விடுதலை ஆனவரை உங்கள் புத்தகத்தில் மறுபடி குற்றவாளி ஆக்கக் கூடாது. அதை மறைமுகமாகச் செய்தாலும் தப்புதான்.

பழைய வழக்கில் ஆர்வம் இருந்தால் நீலகிரியில் நிறைய இருக்கிறது. 1835இல் குறும்பர் என்ற பழங்குடியினர் 48 பேர் கொல்லப்பட்டதையும், 1875இலும் 1882இலும் அதே மாதிரி நடந்ததையும், 1900இல் ஒரு குறும்பர் குடும்பமே கொல்லப்பட்டதையும் பிரிட்டிஷ் காலத்தில் இங்குள்ள மக்களைப் பற்றி எழுதிய எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்திருக்கிறார். சூனியம் வைக்கிறார்கள் என்ற பயமும் பழியும்தான் பின்னணி. எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் ஊட்டி நீலகிரி நூலகத்திலும் அந்தக் காலத்துக் காகிதங்களைத் தேடலாம். அந்தக் காகிதங்களில் கலெக்டர் பேசுவார், மிஷனரி பேசுவார், குறும்பர் பேச மாட்டார். அவர்கள் பக்கத்தை அவர்கள் ஊர்களுக்குப் போய்த்தான் கேட்க வேண்டும். அதற்குத் தயாராக இல்லாமல் இந்தப் பொருளைத் தொடாதீர்கள்.

கத்தியும் ரத்தமும் இல்லாத குற்றமும் உண்டு. கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு 2001 மார்ச்சில் கண்டுபிடிக்கப்பட்டு, தெர்மாமீட்டர் ஆலை மூடப்பட்டு, 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வர 2016 ஆனது. மலையில் தொடங்கும் கதை மலையிலேயே முடியும் என்றும் சொல்ல முடியாது. கொடைக்கானலில் ஒரு ஹோட்டல் விதியை மீறி மாடிகள் கட்ட அனுமதி பெற்ற வழக்கில் சென்னையில் தீர்ப்பு வந்த நாள் 2000 பிப்ரவரி 2. அன்று அந்தத் தீர்ப்பை எதிர்த்து நடந்த போராட்டத்தில் தர்மபுரியில் பஸ் எரிக்கப்பட்டு, கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூன்று பேர் இறந்தார்கள். ஹோட்டல் வழக்கில் கீழ்க்கோர்ட் தந்த தண்டனையை 2001இல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பஸ் எரிப்பு வழக்கு 2016 வரை உச்ச நீதிமன்றத்தில் இருந்தது. ஒரு கட்டட அனுமதிக் காகிதத்திலிருந்து எத்தனை ஊருக்குப் போக வேண்டியிருக்கிறது பாருங்கள். பண வசதி, நேரம், குடும்பம் எல்லாவற்றையும் கணக்குப் போட்டுத்தான் வழக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தேர்ந்தெடுத்ததும் ஒரு கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள். யார் கொன்றது என்பது தீர்ப்பிலேயே இருக்கும், அது உங்கள் கேள்வி இல்லை. காணவில்லை என்று போன முதல் புகாரை ஏன் வாங்கவில்லை? பக்கத்து லைன் வீட்டில் (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீட்டில்) சத்தம் கேட்டும் ஏன் யாரும் கதவைத் திறக்கவில்லை? இந்த மாதிரி ஒன்று. கேள்வி இல்லாமல் ஆரம்பித்தால் எட்டு வரிச் செய்தியை இருநூறு பக்கத்துக்கு இழுப்பதாகத்தான் முடியும்.

காகிதம்

முதல் தகவல் அறிக்கையில் தொடங்குங்கள். 2016இல் உச்ச நீதிமன்றம் எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்றச் சொன்னது, பாலியல் குற்றம் போன்றவை மட்டும் விலக்கு. அதற்குப் பிந்தைய வழக்கென்றால் தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் தேடிப் பார்க்கலாம். குற்றப்பத்திரிகை அப்படிக் கிடைக்காது. அது பொது ஆவணம் இல்லை, இணையத்தில் போட வேண்டியதில்லை என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே கோர்ட் வழியாகத்தான் போக வேண்டும்.

நீலகிரியில் எந்தத் தாலுகாவில் நடந்த கொலையானாலும் செஷன்ஸ் விசாரணைக்கு ஊட்டிக்கு வரும், மேல்முறையீடு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகும். கொடைக்கானல் வழக்குகள் பெரும்பாலும் மலை இறங்கித் திண்டுக்கல்லுக்குப் போகும், மேல்முறையீடு மதுரைக் கிளைக்கு. மதுரைக் கிளை தொடங்கியது 2004 ஜூலையில், அதற்கு முந்தைய கொடைக்கானல் வழக்கென்றால் சென்னையிலும் தேட வேண்டும். கோர்ட்டுகளின் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் வழக்கு எண், கட்சிக்காரர் பெயர், ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் சி.என்.ஆர். எண் எதைப் போட்டாலும் வாய்தா தேதிகள் வரும், பல தீர்ப்புகளை அங்கேயே இறக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு வாய்தாவிலும் என்ன நடந்தது என்று அதில் ஒரு வரி இருக்கும். 'சாட்சி வரவில்லை' என்று தொடர்ந்து வந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், அந்தச் சாட்சி கூடலூர் பக்கம் எஸ்டேட்டில் ஒரு நாள் கூலியை விட்டு ஐம்பது கிலோமீட்டர் பஸ் ஏறி வர வேண்டியவராக இருப்பார்.

தீர்ப்பைத் தாண்டி சாட்சியங்களும் ஆவணங்களும் வேண்டுமென்றால் நகல் மனு போட வேண்டும். வழக்கில் சம்பந்தமில்லாதவர் கேட்டால் எதற்கு என்று காரணம் எழுதிக் கேட்க வேண்டியிருக்கும், உத்தரவு நீதிபதி கையில். உள்ளூர் வக்கீல் ஒருவரை வைத்து மனு போடுவது நல்லது. குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீல் ஆபீஸில் வழக்கின் முழுக் காகிதக் கட்டும் இருக்கும், ஆனால் கட்சிக்காரரின் சம்மதம் வாங்கித்தான் அவர் தர முடியும், அந்தச் சம்மதத்தை நீங்களே போய் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய கட்டுகளைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு கோர்ட்டிலேயே அழித்துவிடுவார்கள் என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) மனுவும் போடலாம், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினால் 30 நாளில் பதில் தர வேண்டும். புலனாய்வு நடக்கும் வழக்கில் 8(1)(h) பிரிவைக் காட்டி மறுப்பார்கள். கோர்ட் கட்டையே ஆர்.டி.ஐ.யில் கேட்டால் நகல் மனு போடச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். வேறு வகையான தகவலுக்கு ஆர்.டி.ஐ. நன்றாக உதவும்: அந்த வருடம் அந்த நிலையத்தில் எத்தனை காவலர் பணியிடம் காலி, அந்தச் சாலையில் தெருவிளக்கு போட எப்போது ஒப்புதல் வந்தது, ஆம்புலன்ஸ் எந்த ஊரில் நின்றது.

கட்டு கைக்கு வந்ததும் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கப் பழகுங்கள். தீர்ப்பின் முடிவில் அ.சா.1, அ.சா.2 என்று அரசுத் தரப்புச் சாட்சிகளின் பட்டியல், பிறகு சான்றாவணங்கள், பிறகு சா.பொ. என்று சான்றுப் பொருட்கள் வரும். அதில் போர்வை, டார்ச் லைட், தேயிலை பறிக்கும் கத்தரி, ஒற்றைச் செருப்பு என்று வரிசையாக இருக்கும். இறந்தவரின் கடைசி நாளை அந்தப் பட்டியல் எந்த நிருபரையும் விட நேர்மையாகச் சொல்லும்.

வாக்குமூலத்தில் கவனமாக இருங்கள். 'போலீஸாரிடம் அளித்த வாக்குமூலத்தில் கூறியதாவது' என்று நம் பேப்பர்களில் பத்திபத்தியாக வருகிறதே, போலீஸிடம் கொடுத்த அந்த ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது. பழைய சாட்சியச் சட்டத்தில் 25ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. 27ஆம் பிரிவின்படி, அந்தப் பேச்சால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்தப் பகுதி மட்டும் செல்லும். அதனால்தான் கிராம நிர்வாக அலுவலரையும் உதவியாளரையும் சாட்சியாக வைத்து 'இந்தப் பாறை இடுக்கிலிருந்து கத்தியை எடுத்துக் கொடுத்தார்' என்று மகஜர், அதாவது கைப்பற்றியதற்கான குறிப்பு, எழுதுகிறார்கள். குறுக்கு விசாரணையில் அந்த வி.ஏ.ஓ. என்ன சொன்னார் என்று படியுங்கள், எங்கே நின்று கையெழுத்துப் போட்டேன் என்று அவர் சொல்லும் இடத்தில் பல வழக்குகள் தளர்ந்திருக்கின்றன. அதே மாதிரி, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 161ஆம் பிரிவில் போலீஸ் எழுதும் சாட்சி வாக்குமூலத்தில் சாட்சியின் கையெழுத்து இருக்காது. அதில் இருப்பதையும் அதே சாட்சி கோர்ட்டில் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் உங்கள் புத்தகத்துக்கான வேலை. 2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றமென்றால் பிரிவு எண்களெல்லாம் மாறியிருக்கும், கொலைக்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 302 இருந்த இடத்தில் புதிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 103. அதற்கு முன் நடந்த கொலைக்குப் பழைய 302தான்.

குற்றம் சாட்டப்பட்டவரின் குரல் கட்டில் மிகக் குறைவாகத்தான் இருக்கும். அரசுத் தரப்புச் சாட்சிகள் எல்லோரும் முடிந்தபின் நீதிபதி நேரில் கேட்கும் கேள்விகளுக்கு, பழைய நடைமுறைச் சட்டத்தில் 313ஆம் பிரிவு, அவர் சொல்லும் பதில்: 'பொய் சாட்சி', 'எனக்குத் தெரியாது'. அவரையும் தேடிப் போக வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

இடமும் நேரமும்

படித்ததையெல்லாம் தேதி, மணி, யார் சொன்னது, எந்தப் பக்கம் என்று ஒரு நீளமான கால வரிசையாகப் போடுங்கள். கம்ப்யூட்டரில் எக்செல் தாளில் போட்டால் வசதி. இரண்டு சாட்சி ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் ஒரே ஆளைப் பார்த்தது அங்கேதான் கண்ணில் படும்.

மலையில் பருவம் ஒரு சாட்சி மாதிரி, அதையும் விசாரிக்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கம் கொட்டும் (2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பதிவானது). குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர், நவம்பர் மழைதான் பெரியது, 2009 நவம்பர் மண்சரிவில் 40 பேருக்கு மேல் இறந்ததை நம் ஊர்க்காரர்கள் மறக்கவில்லை. ஊட்டிக்கு மழை என்றால் கோத்தகிரிக்கும் மழை என்று எழுதிவிட முடியாது. எஸ்டேட் ஆபீஸ்களில் தினமும் மழை அளவைக் குறித்துவைக்கும் பழக்கம் உண்டு, நல்லபடியாகக் கேட்டால் காட்டுவார்கள். அன்று யார் யார் வேலைக்கு வந்தார்கள் என்று எஸ்டேட்டின் வருகைப் பதிவேடான செக்ரோலும் சொல்லும். அன்றைக்கு நிலா இருந்ததா என்று பார்க்க அந்த வருடத்துப் பஞ்சாங்கம் போதும்.

குற்றம் நடந்த அதே மாதத்தில், அதே நேரத்தில், அந்த இடத்தில் போய் நில்லுங்கள். டிசம்பரில் சூரியன் ஆறு மணியை ஒட்டி மறைகிறது, ஆனால் சரிவின் கிழக்குப் பக்கத்தில் இருக்கும் ஹட்டிக்கு (படுகர் கிராமத்துக்கு) அதற்கு முன்பே வெளிச்சம் போய்விடும். 'ஆறரை மணிக்கு நூறு அடி தள்ளி நின்று முகத்தைப் பார்த்தேன்' என்று சாட்சி சொன்னால், அங்கே நின்றால்தான் அது முடியுமா என்று தெரியும். மூடுபனி இருந்தால் பத்தடி தூரத்தில் மனிதரா கம்பமா என்று சொல்ல முடியாது. கடைசி பஸ் எத்தனை மணிக்கு, அதை விட்டால் நடக்க எந்தக் குறுக்குப் பாதை, அந்தப் பாதையில் யானை நடமாட்டம் உண்டா, இதெல்லாம் தெரிந்தால்தான் ஒருவர் ஏன் அந்த வழியாகப் போனார் என்று புரியும். கூடலூர்ப் பக்கம் எல்லையைத் தாண்டினால் வயநாடு, நிலம்பூர், குண்டலுப்பேட்டை. நாடுகாணி, பாட்டவயல், கக்கநல்லா சோதனைச் சாவடி வழியாக வழக்கு வேறு மாநிலத்துக்கே போய்விடும், அங்கே பேப்பரும் காகிதமும் மலையாளத்திலோ கன்னடத்திலோ இருக்கும். தனியாகப் போகாதீர்கள், கூட ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மனிதர்கள்

முதலில் இறந்தவரின் வீட்டுக்குப் போங்கள். வக்கீலும் இன்ஸ்பெக்டரும் பிறகு. உங்கள் மகளைப் பற்றி, உங்கள் அண்ணனைப் பற்றி ஒருத்தர் புத்தகம் எழுதுகிறாராமே என்று அவர்கள் கடைத்தெருவில் கேள்விப்படக் கூடாது. தெரிந்தவர் ஒருவர் மூலம் சொல்லி அனுப்பிவிட்டு, நினைவு நாள், திருவிழா, திதி எதுவும் இல்லாத ஒரு சாதாரண நாளில் போங்கள். "அம்மா, நான் பேப்பர்ல எழுதுறவன். உங்க மகளோட வழக்கைப் பத்தி ஒரு புத்தகம் எழுதலாம்னு இருக்கேன். இன்னைக்கே பேசணும்னு இல்லை. யோசிச்சுச் சொல்லுங்க, வேண்டாம்னாலும் சரி" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட வேண்டும். வேண்டாம் என்றால் அதை மதிக்க வேண்டும். கோர்ட் ஆவணத்தை மட்டும் வைத்து எழுத உங்களுக்குச் சட்டப்படி உரிமை இருக்கலாம். ஆனாலும் குடும்பம் முழுக்க வேண்டாம் என்று நிற்கும்போது வேறு வழக்கைப் பார்ப்பேன் நான்.

பேச ஆரம்பித்தால் சாவைப் பற்றிக் கேட்காதீர்கள். அவர் என்ன சமைப்பார், யாரோடு சண்டை போடுவார், எந்த பஸ்ஸில் வேலைக்குப் போவார், சம்பளத்தில் முதலில் யாருக்கு எடுத்து வைப்பார் என்று கேளுங்கள். எஃப்.ஐ.ஆரில் அவர் 'இறந்துபோனவர்' மட்டும்தான், தீர்ப்பு முழுக்கவும் அப்படியே. அந்த மனிதர் யார் என்பது கட்டில் எங்கேயும் இல்லை, உங்களைத் தவிர வேறு யாரும் அதை எழுதப்போவதும் இல்லை. சாவைப் பற்றி அவர்களாகச் சொல்லும் நாள் வரும், அன்று ரெக்கார்டரை வைக்கலாமா என்று மறுபடி கேளுங்கள். நடுவில் நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள். பேசுவதற்குப் பணம் கொடுக்காதீர்கள். பஸ் செலவைக் கொடுப்பது வேறு.

படுகர் ஹட்டி என்றால் ஊர்ப் பெரியவரிடம் சொல்லிவிட்டு உள்ளே போவதுதான் முறை. பழங்குடி ஊர்களிலும் அப்படித்தான். பணியர், காட்டுநாயக்கர், பளியர் குடியிருப்புகளில் மொழிபெயர்க்க எஸ்டேட் மேஸ்திரியையோ வனத்துறை ஆளையோ வைத்துக்கொண்டால், பேசுகிறவர் அவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார். அதே ஊரில் படித்த ஒரு பிள்ளையைக் கேளுங்கள், அந்த வேலைக்குக் கூலி கொடுங்கள், புத்தகத்தில் பெயரைப் போடலாமா என்றும் கேளுங்கள். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களின் குடும்பங்களில் கதை 1964ஆம் ஆண்டு இந்திய–இலங்கை ஒப்பந்தத்திலிருந்தே தொடங்கும், அவசரப்படுத்தாமல் கேளுங்கள். இப்போது எஸ்டேட்டுகளில் ஜார்க்கண்ட், அசாம் தொழிலாளர்கள் நிறையப் பேர். அவர்களில் ஒருவர் கொல்லப்பட்டால் கோர்ட்டுக்கு வந்து உட்காரக்கூட ஆள் இருக்காது. அந்த வழக்கை எடுத்தால் அவர் ஊருக்கு ரயில் ஏறிப் போக வேண்டியது உங்கள் கடமை.

குற்றவாளியின் குடும்பத்தையும் பாருங்கள். அவர்களும் அதே ஊரில் அதே ரேஷன் கடை வரிசையில்தான் நிற்கிறார்கள். போலீஸில் ஓய்வு பெற்ற அதிகாரியை விட, அந்தக் காலத்தில் நிலையத்தில் ரைட்டராக இருந்த ஏட்டய்யாவுக்கு அதிகம் நினைவிருக்கும், காகிதமெல்லாம் அவர் கையால் எழுதியது. இரண்டு பேர் தனித்தனியாகச் சொல்லாத எதையும், காகிதத்தில் இல்லாத எதையும், நடந்தது என்று எழுதாதீர்கள். 'அவர் சொன்னார்' என்று எழுதுங்கள்.

சட்டம்

எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்பதற்கு நம் ஊர் வழக்கு ஒன்றுதான் இந்தியா முழுக்க வழி சொன்னது. தூக்குத் தண்டனைக் கைதியாக இருந்த ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய சுயசரிதையை வெளியிட விடாமல் அதிகாரிகள் தடுக்கப் பார்க்க, நக்கீரன் தரப்பு உச்ச நீதிமன்றம் போனது. 1994 அக்டோபரில் வந்த ராஜகோபால் வழக்குத் தீர்ப்பு, கோர்ட் ஆவணம் போன்ற பொதுப் பதிவுகளில் இருப்பதை யாருடைய சம்மதமும் இல்லாமல் வெளியிடலாம் என்றது. அதைத் தாண்டி ஒருவரின் குடும்பம், திருமணம், தாம்பத்தியம் என்று சம்மதமில்லாமல் எழுதினால் அந்தரங்க உரிமை மீறல். அதிகாரிகள் தங்களுக்கு அவதூறு வரும் என்று முன்கூட்டியே தடை போட முடியாது. அந்தத் தீர்ப்பை முழுக்கப் படித்துவிடுங்கள், இந்த வேலைக்கு அதைவிட முக்கியமான காகிதம் இல்லை.

பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடக் கூடாது. பழைய சட்டத்தில் 228ஏ, புதியதில் 72ஆம் பிரிவு, இரண்டு வருடம் வரை சிறை. அவர் இறந்துவிட்டாலும், குடும்பம் சரி என்றாலும், நீங்களாகப் பெயர் போட முடியாது என்று 2018இல் நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. குழந்தைகள் என்றால் போக்ஸோ சட்டமும் இளைஞர் நீதிச் சட்டமும் சேர்ந்து தடுக்கும். மலையில் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. நாற்பது வீடு இருக்கும் ஊரில், அந்த வருடம் பத்தாம் வகுப்புப் படித்தவள், அப்பா ஃபேக்டரி டிரைவர் என்று எழுதினால் முடிந்தது. ஊரையும் தொழிலையும் வருடத்தையும் சேர்த்தே மறைக்க வேண்டும், அப்படி மறைத்தால் கதை நிற்காது என்றால் அந்தக் கதையை எழுதக் கூடாது.

குற்றவியல் அவதூறு வழக்கில் உண்மை என்று நிரூபித்தால் மட்டும் போதாது, பொது நன்மைக்காக என்றும் காட்ட வேண்டும். இறந்தவரைப் பற்றிக் குடும்பம் புண்படும் நோக்கத்தில் எழுதினாலும் அவதூறுதான். போலீஸ் சொன்னதை நம்பி ஒரு பெண்ணின் நடத்தையைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதியதையெல்லாம் அப்படியே எடுத்துப் போடுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். குறை சொல்லப்படும் ஒவ்வொருவருக்கும் குறிப்பிட்ட கேள்விகளை எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பி, பதில் வந்தால் சேர்த்து, வராவிட்டால் வரவில்லை என்றும் எழுதுங்கள்.

எழுத்து

பிணம் கிடைத்த காலையில் புத்தகத்தைத் தொடங்காதீர்கள். எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள், அதனால் இறந்தவர் பிணமாகவே அறிமுகமாகிறார். அவர் உயிரோடு, வேலையோடு, கவலையோடு வரும் பக்கங்கள் முதலில் வரட்டும். நீங்கள் எழுதிவைத்த அந்த ஒரு கேள்வி முதல் அத்தியாயத்திலேயே வாசகருக்குத் தெரிந்துவிட வேண்டும்.

உரையாடலைக் கற்பனை செய்யக் கூடாது. சாட்சியத்தில் இருக்கிறதா, ரெக்கார்டரில் இருக்கிறதா, அப்போதுதான் மேற்கோள் குறி. இறந்தவர் கடைசி நிமிடத்தில் என்ன நினைத்தார் என்று எழுத யாருக்கும் உரிமை இல்லை, அது யாருக்கும் தெரியாது. காயங்களைப் பற்றிப் பிணக்கூறாய்வு அறிக்கையில் பக்கம் பக்கமாக இருக்கும். வழக்கின் முடிவுக்குத் தேவையான ஒன்றிரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள், அந்த வீட்டில் இருக்கும் தம்பி தங்கைகள் வளர்ந்து இதைப் படிப்பார்கள். நம் செய்திப் பழக்கத்தில் வரும் மர்ம நபர், சரமாரி வெட்டு, வெறிச்செயல் எல்லாம் முதல் வரைவில் தானாக வந்து உட்காரும், இரண்டாவது வரைவில் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு என்ன நடந்ததோ அதை எழுதுங்கள்.

டெமி என்ற வழக்கமான புத்தக அளவில் 200 பக்கம் என்றால் ஏறத்தாழ 40 ஆயிரம் சொற்கள். தினசரி வேலையோடு இதைச் செய்வது கஷ்டம்தான், ஆனால் கால வரிசை சரியாக இருந்தால் வாரம் ஒரு சின்னப் பகுதியாகக்கூட எழுதிவிட முடியும், ஏனென்றால் எங்கே விட்டோம் என்று தேட வேண்டியதில்லை.

அச்சுக்குப் போகும்போது

பதிப்பாளரிடம் முழுக் கையெழுத்துப் பிரதியை விட, இரண்டு அத்தியாயமும் ஆதாரங்களின் பட்டியலும் கொண்டு போங்கள். பட்டியலைப் பார்த்தால் அவருக்கு தைரியம் வரும். நீங்கள் பத்திரிகை ஊழியராக இருந்து எழுதிய செய்திகளை, பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவின்படி, பத்திரிகையில் வெளியிடும் உரிமைதான் நிறுவனத்துடையது, புத்தக உரிமை எழுதியவருடையது. உங்கள் வேலை ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். படங்களுக்குத் தனியாக அனுமதி வாங்குங்கள். அச்சுக்கு முன் குற்றவியல் வக்கீல் ஒருவர் வரிக்கு வரி படிக்க வேண்டும், அந்தச் செலவை யார் ஏற்பது என்று பதிப்பாளருடன் போடும் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள், வழக்கு வந்தால் யார் நடத்துவது என்பதையும் சேர்த்து.

இறந்தவரின் குடும்பத்துக்குப் புத்தகம் கடைக்கு வருவதற்கு முன்பே கொண்டுபோய்க் கொடுங்கள், படிக்கத் தெரியாதவர்கள் என்றால் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். கடினமான பக்கங்கள் எவை என்று முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். வெளியீட்டு விழா மேடைக்கு அவர்களைக் கூப்பிடலாமா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

குறிப்பு நோட்டு, ரெக்கார்டிங், நகல்கள் எதையும் தூக்கிப் போடாதீர்கள். நஷ்டஈடு கேட்டுப் போடும் அவதூறு வழக்குக்கு ஒரு வருடம், குற்றவியல் புகாருக்கு மூன்று வருடம் வரை அவகாசம் உண்டு. மறுபதிப்பு வந்தால் பேச்சு மறுபடி கிளம்பும். நம் மலைகளில் ஈரத்துக்குக் காகிதம் பூஞ்சை பிடித்துவிடும் என்பதால் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று சமவெளியில் நம்பிக்கையான ஒருவர் வீட்டில். பெயர் சொல்ல வேண்டாம் என்று பேசியவர்களின் ரெக்கார்டிங்கை மட்டும் அந்தப் பிரதியில் சேர்க்காமல், பாஸ்வேர்டு போட்டு உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.